வில்லங்கம் இல்லாத தெப்பம்

பொன்னமராவதியில் ஒரு கார் தண்ணீரில் மூழ்க வேண்டுமென்றால் அமரகண்டான் ஊருணிக்குள் ஓட்டி இறக்கினால்தான் உண்டு. அதற்கும் மழை ஏமாற்றாத வருஷமாகப் பார்க்க வேண்டும். இப்பேர்ப்பட்ட ஊருக்கு, 2016 பங்குனியில், ஸ்டியரிங் உயரத்துக்கு முங்கி எழுந்த கார் ஒன்றை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கினேன். கொன்னையூர் மாரியம்மன் திருவிழாவுக்கு ஊர் திரும்பியிருந்த சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் எங்கள் தெருவில்தான் நின்றார்கள். “குடிக்கிற தண்ணிக்கே குடத்தைத் தூக்கிட்டு அலையுறோம். இவரு மெட்ராஸ்ல போயி, முங்குன தண்ணியைக் காசு குடுத்து வாங்கியாந்திருக்காரு” என்று ஒரு பெரியவர் தீர்ப்புச் சொன்னார். மேல்முறையீட்டுக்கு வழியில்லை.

தெரிந்தேதான் வாங்கினேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் கேட்கிற எல்லோரும் என்னைப் பார்த்து அனுதாபப்படத் தயாராகிவிடுகிறார்கள்.

2015 டிசம்பர் 1-ஆம் தேதி சென்னையில் பெய்ததை மழை என்று சொன்னால் எங்கள் ஊர் மழைக்குக் கோபம் வரும். மறுநாள் காலைக் கணக்குப்படி தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர். செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்டார்கள். அடையாற்றங்கரை ஓரமாக ஜாபர்கான்பேட்டையில் ஒரு வீட்டு வாசலில் நின்றிருந்த என் கார், அப்போது அது என் கார் இல்லை, படுத்த படுக்கையாக நனைந்தது. இந்தத் தொழிலில் இருப்பவர்கள் தண்ணீர் நின்ற உயரத்தை வைத்து மூழ்கிய கார்களைப் பிரிப்பார்கள்: தரைக் கார்பெட் வரை என்றால் பிழைக்கும், சீட் வரை என்றால் செலவு வைக்கும், டேஷ்போர்டைத் தாண்டினால் இன்சூரன்ஸ் கம்பெனிக்காரர் கால்குலேட்டரை எடுப்பார்.

அந்தக் கால்குலேட்டர் கணக்கு எளிமையானது. காரின் வயதுக்குத் தக்கபடி விலையில் கழித்து, ஐ.டி.வி. என்று ஒரு தொகை பாலிசியில் போட்டிருக்கும். மூன்று வருஷம் தாண்டி நான்கு முடியாத கார் என்றால் 40 சதவீதம் போய்விடும். பழுது பார்க்கும் செலவு அந்த ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினால் முழுச் சேதம், ‘டோட்டல் லாஸ்’. இந்தக் காரின் ஐ.டி.வி. நாலு லட்சம். சர்வீஸ் சென்டரில் போட்ட எஸ்டிமேட் மூன்று லட்சத்து நாற்பதாயிரம். நனைந்தது எதையும் உலர்த்த மாட்டார்கள், புதுசாக மாற்றுவார்கள், அதனால் அந்தத் தொகை. கார் செத்தது. கம்பெனி உரிமையாளருக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு, உடம்பை ஏலத்தில் விட்டது. மதுரைத் தரகர் ஒருவர் மொத்தமாகச் சில உடம்புகளை எடுத்தார். அதில் ஒன்று தொண்ணூற்றைந்தாயிரத்துக்கு என் கைக்கு வந்தது.

வாங்குவதற்கு முன் சென்னையில் பழைய உரிமையாளருக்கு ஒரு போன் போட்டேன். மூழ்கிய கார் வாங்க நினைக்கிற எவரும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்றுதான்: “தண்ணி வடிஞ்சதும் சாவியப் போட்டுத் திருப்பிப் பாத்தீங்களா சார்?” சிலிண்டருக்குள் காற்றும் பெட்ரோலும் இருந்தால் பிஸ்டன் அதை அமுக்கும். தண்ணீர் அமுங்காது. சாவியைத் திருப்பினால் தண்ணீர் ஜெயிக்கும், கனெக்டிங் ராடு வளையும், சமயத்தில் என்ஜின் பிளாக்கைக் குத்திக்கொண்டு வெளியே எட்டிப் பார்க்கும். வெள்ளத்தில் என்ஜின் போன கார்களில் பலவற்றைக் கொன்றது வெள்ளம் அல்ல, மறுநாள் காலை “ஸ்டார்ட் ஆகுதா பாப்போம்” என்று திருப்பிய கைதான். சாதாரண பாலிசியில் அதற்குப் பணம் கிடைக்காது. தனியாக என்ஜின் கவர் எடுத்திருக்க வேண்டும்.

அவர் சொன்ன பதில் என்னை உருக்கிவிட்டது. “எங்க சார் திருப்புறது? சாவி மாட்டுற ஆணியோட செவுத்து அலமாரியே ஆத்தோட போயிடுச்சு.”

அந்த நிமிஷமே அட்வான்ஸ் அனுப்பினேன்.

எங்கள் பட்டறை அண்ணன் பிளக்கைக் கழற்றி, சிலிண்டரில் நின்ற தண்ணீரை வெளியேற்றி, வெள்ளை வெளேரென்று வந்த ஆயிலை வடித்து, டீசல் ஊற்றிக் கழுவி, மறுபடி ஆயில் மாற்றி, அதையும் வடித்து மூன்றாவதாக ஊற்றியபோது என்ஜின் இருமிக்கொண்டு எழுந்தது. சென்னையில் இல்லாத ஒரு சர்வீஸ் வசதி எங்களிடம் இருந்தது: வெயில். அக்கினி நட்சத்திரத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஒரு பக்கம் ஆத்தாவின் கூழ் வற்றலும் மோர் மிளகாயும், மறுபக்கம் அஞ்சு பேர் உட்காரும் சீட்டுகள், கார்பெட், கதவு அட்டைகள். காக்கா விரட்ட ஆத்தாவே உட்கார்ந்திருந்தார், பின்சீட்டில் சாய்ந்துகொண்டு. கார்பெட்டை உதறியபோது ஆகாயத் தாமரையின் காய்ந்த வேர் ஒன்று விழுந்தது. “அடையாத்துலேர்ந்து வந்திருக்கு பாரு” என்று ஆத்தா அதை எடுத்துப் பார்த்தார். பிறகு வாடை. அடுப்புக் கரி வைத்தோம், காப்பித் தூள் வைத்தோம், வெள்ளிக்கிழமை தவறாமல் சாம்பிராணி போட்டோம். சாம்பிராணி வாசமும் ஆற்றுச் சேற்று வாசமும் சமரசம் செய்துகொண்டு, உள்ளே ஏறினால் வெள்ளத்தில் நின்ற கோயில் கருவறை என்று தோன்றும்படி ஒரு நிலைக்கு வந்து நின்றன. சவாரி வருகிறவர்களில் சிலர் செருப்பைக் கழற்றினார்கள்.

மின்சார விஷயம் மட்டும் வெயிலுக்கு அடங்கவில்லை. வயரிங் இணைப்புகளில் செம்பு பச்சை பிடித்திருந்தது. பட்டறை அண்ணன் ஒவ்வொரு கப்ளராகப் பிரித்துச் சுரண்டினார். “எர்த்து சரியில்லண்ணே. கரண்டுக்கு வீடு திரும்ப வழி தெரியல, கிடைச்ச வழில போகுது” என்றார். அது போன வழிகள்: ஹாரன் அடித்தால் வைப்பர் ஒரு தடவை ஆடும். ஏ.சி. போட்டால் ஒரு ஜன்னல் கண்ணாடி தானாகக் கீழே இறங்கும், அதாவது குளிர் உள்ளே வந்த கையோடு வெளியே போகும். ஏர்பேக் விளக்கு அணையவே அணையாது. ஏர்பேக்கின் கட்டுப்பாட்டுப் பெட்டியை மட்டும் புதுசு மாற்றினேன். அதில் சிக்கனம் பார்க்கக் கூடாது. மற்றவை எங்கள் குடும்பத்துக்குள் ஒரு மாதிரி பழகிவிட்டன.

இனிதான் விஷயத்துக்கு வருகிறேன்.

நான் பத்திர எழுத்தர். சார்பதிவாளர் ஆபீஸுக்கு எதிரே மேசை போட்டுப் பிழைப்பவன். ஒண்ணரை சென்ட் மனை வாங்க வருகிறவனைக்கூட, “முப்பது வருஷ வில்லங்கம் பாத்தியாப்பா?” என்று கேட்காமல் பேனாவைத் தொட மாட்டேன். அந்த மண்ணை எவன் அடமானம் வைத்தான், எவன் மகளுக்குத் தானம் எழுதினான், எந்தப் பங்காளி எப்போது ஒதுங்கினான் என்று வில்லங்கச் சான்று வரிசையாகச் சொல்லும். காலி மனைக்கே இத்தனை ஜாதகம். ஆகவே, ஆற்றோடு போய் மீண்ட ஒரு காரின் ஆர்.சி. புக்கில் இதைப் பற்றி என்ன எழுதியிருப்பார்கள் என்று ஆசையோடு எடுத்துப் பார்த்தேன்.

வண்டியின் நிறம் எழுதியிருந்தது. காலி எடை கிலோவில் எழுதியிருந்தது. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் உள்ள தூரம் மில்லிமீட்டரில். உரிமையாளரின் அப்பா பெயர். கடன் கொடுத்த வங்கியின் பெயர். மூழ்கியதைப் பற்றி ஓர் எழுத்து இல்லை.

சட்டத்தைத் திறந்தேன். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 55: வண்டி அழிந்துபோனாலோ, நிரந்தரமாகப் பயன்படுத்த முடியாமல் போனாலோ, உரிமையாளர் 14 நாளைக்குள் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும், பதிவு ரத்தாகும். ‘நிரந்தரமாக’ என்ற இடத்தில் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தேன். இன்சூரன்ஸ்காரர் சொன்னது ‘பழுது பார்ப்பது கட்டுப்படியாகாது’ என்றுதானே ஒழிய, ‘ஓடவே ஓடாது’ என்று அல்ல. ஆகவே என் கார் இன்சூரன்ஸ் கணக்கில் சிவலோகம் சேர்ந்துவிட்டது, அரசாங்கக் கணக்கில் சுகமாக இருக்கிறது. உத்தரப் பிரதேசத்தில் ஆஸம்கரைச் சேர்ந்த லால் பிஹாரிக்கு நேர்ந்தது இதற்குத் தலைகீழ். நிலத்துக்கு ஆசைப்பட்ட உறவினர்கள் வருவாய்த்துறைப் பதிவேட்டில் அவரைச் சாகடித்துவிட்டார்கள். நேரில் போய் நின்றும் ‘நீ செத்தவன்’ என்றார்கள். தன் பெயரோடு ‘மிருதக்’, அதாவது இறந்தவர், என்று சேர்த்துக்கொண்டு போராடி 1994-ல்தான் தாளில் உயிர் பெற்றார். 2003-ல் அவருக்கு இக் நோபல் சமாதானப் பரிசுகூடக் கொடுத்தார்கள். உயிரோடு இருப்பவர் உயிரோடு இருப்பதை நிரூபிக்கப் பதினெட்டு வருஷத்துக்கு மேல். என் கார் செத்ததை நிரூபிக்க நானே போய் நின்றாலும் யாரும் வாங்கிக்கொள்ளத் தயாராக இல்லை.

மற்ற தேசங்களில் இப்படி இல்லையாம். அமெரிக்காவில் வண்டியின் உரிமைத் தாளிலேயே ‘சால்வேஜ்’ என்றோ ‘வெள்ளம்’ என்றோ முத்திரை விழுந்துவிடும். அதற்கும் அவர்கள் வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். விதி தளர்ந்த வேறொரு மாநிலத்துக்கு ஓட்டிப்போய் மறுபதிவு செய்தால் முத்திரை கரைந்துவிடுமாம், 2005 கத்ரீனா புயலுக்குப் பிறகு இது பெரிய பேச்சாக இருந்தது. பிரிட்டனில் 2017 அக்டோபரிலிருந்து ஏ, பி, எஸ், என் என்று நாலு ஜாதி. ஏ என்றால் மொத்தமாக நசுக்கிவிட வேண்டும். பி என்றால் பாகங்களைக் கழற்றலாம், கூட்டை நசுக்க வேண்டும், நம் ஊர்க் கண் தானம் மாதிரி. எஸ் என்றால் எலும்பில் அடி, என் என்றால் எலும்பு தப்பியது. கடைசி இரண்டும் சரிசெய்து ரோட்டுக்கு வரலாம், ஆனால் அந்த எழுத்து பதிவில் கூடவே வரும்.

நம்மிடம் எழுத்து வராததற்குக் காரணமாகச் சிலர் சோம்பலைச் சொல்வார்கள். என் அனுபவத்தில், லாபம் இருக்கிற இடத்தில் சோம்பல் இருக்காது. முழுச் சேதமான காரின் உடம்பைவிட அதன் ஆர்.சி.க்கு மவுசு அதிகம் என்று ஒரு கூட்டம் கண்டுபிடித்து வைத்திருக்கிறது. அதே ரகத்தில் ஒரு காரைத் திருடி, செத்த காரின் சேஸிஸ் நம்பரை அதில் வெட்டி ஒட்டி, பழைய ஆர்.சி.யோடு விற்றுவிடுவார்கள். 2020-ல் லக்னோ போலீஸ் இப்படி ஒரு கும்பலைப் பிடித்து வரிசையாகக் கார்களை நிறுத்திப் படம் எடுத்தது.

பெயர் மாற்றத்துக்கு வருவோம். ஃபார்ம் 29 விற்றவர் கொடுக்கும் அறிவிப்பு, ஃபார்ம் 30 மாற்றக் கோரும் விண்ணப்பம், வங்கிக் கடன் தீர்ந்ததற்கு ஃபார்ம் 35, வங்கியின் தடையில்லாக் கடிதம். பழைய உரிமையாளர் எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டு, வாங்குபவர் பெயர் எழுதும் இடத்தைக் காலியாக விட்டு, தரகரிடம் கொடுத்திருந்தார். இந்தத் தொழிலில் அதுதான் வழக்கம். என் தொழிலில் வெற்றுப் பத்திரத்தில் கையெழுத்து என்றால் ஜாமீன் பற்றி யோசிப்போம். அந்த மனிதரும் யோசித்திருக்கிறார். அடிக்கடி போன் செய்வார். “சார், பேரு மாத்திட்டீங்களா? வண்டி எங்கயாச்சும் இடிச்சா என்னத்தானே சார் தேடுவாங்க?” பயம் நியாயம். கார் கை மாறிக் கை மாறிப் போயிருந்தாலும் பதிவேட்டில் எவர் பெயர் இருக்கிறதோ அவரே விபத்துக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றமே 2018 பிப்ரவரியில் தீர்ப்புச் சொன்னது. வீடு, அலமாரி, சாவி எல்லாம் ஆற்றோடு போன பிறகும் அந்தக் காரில் அவருக்கு மிச்சம் இருந்தது பொறுப்பு மட்டும்தான்.

பிரேக் இன்ஸ்பெக்டரிடம் வண்டியைக் காட்டும் நாள் வந்தது. வண்டியைப் பளபளவென்று கழுவி நிறுத்தியிருந்தேன். அவர் பானெட்டைத் திறக்கச் சொல்லி, சேஸிஸ் நம்பரைத் துணியால் துடைத்து, தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்தார். ஆர்.சி.யோடு ஒத்துப் பார்த்தார். சரியாக இருந்தது. பிறகு என்ன நினைத்தாரோ, டிரைவர் சீட்டுப் பக்கம் வந்து, “சீட் பெல்ட்ட முழுசா இழுங்க” என்றார். இழுத்தேன். “இன்னும்.” இன்னும் இழுத்தேன். கழுவாமல் சுருளுக்குள்ளேயே கிடந்த கடைசி முழத்தில் சேற்றுக் கோடு ஒன்று நேராக ஓடியது. சீட்டைத் துவைக்கலாம், கார்பெட்டை மாற்றலாம். பெல்ட்டின் அடிச்சுருளை யாரும் நினைப்பதில்லை. மூழ்கிய காரை விற்க வருகிறவர்கள் அஞ்சுகிற சோதனை அது.

“எந்த ஏரியா?”

“ஜாபர்கான்பேட்டை சார்.”

“என் தம்பி வீடு அங்கதான். மாடிக்கு ஏறி ரெண்டு நாள் இருந்தாங்க.” கொஞ்ச நேரம் கோட்டையே பார்த்தார். பிரேக்கை மிதிக்கச் சொன்னார், லைட், இண்டிகேட்டர், ஹாரன் பார்த்தார். ஹாரனுக்கு வைப்பர் ஆடியது. அவர் முகத்தில் ஒன்றும் ஆடவில்லை. விண்ணப்பத்தை முன்னும் பின்னும் திருப்பினார். “முங்குன வண்டின்னு எழுதுறதுக்கு இதுல கட்டம் எங்க இருக்கு?” என்று என்னைக் கேட்டார். இருவருமாகத் தேடினோம். இல்லை. கையெழுத்துப் போட்டார். பழைய டி.என். 09 எண்ணோடேயே, என் பெயரும் பொன்னமராவதி முகவரியும் போட்ட ஆர்.சி. வந்து சேர்ந்தது. என் அப்பா பெயரில் எழுத்துப் பிழை இல்லை. வில்லங்கமும் இல்லை.

இன்சூரன்ஸ்காரர் வந்து நாலு பக்கமும் படம் எடுத்தார். தேர்ட் பார்ட்டி உடனே கிடைத்தது. ஃபுல் இன்சூரன்ஸுக்கு வண்டியின் சரித்திரம் கேட்டார், உள்ளபடி சொன்னேன், பிறகு அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

அரசாங்கம் விட்ட கட்டத்தை ஊர் நிரப்பிக்கொண்டது. கார் வந்த வாரமே அதற்குப் பெயர் ‘தெப்பம்’. “அண்ணே, தெப்பத்தக் கொஞ்சம் தள்ளி விடுங்க, லோடு வண்டி வருது.” “உங்க தெப்பம் வலையபட்டில நின்னுச்சே, நேத்து?” வாகனப் பூஜைக்குக் கொன்னையூர் கொண்டுபோனபோது, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்த பூசாரி, “தெப்பமா?” என்று கேட்டுவிட்டுத்தான் சூடம் ஏற்றினார். மழையால் போன வண்டியை மழைக்குரிய ஆத்தாளிடமே கொண்டுவந்து நிறுத்தியிருப்பதைப் பற்றி அவருக்கு ஓர் அபிப்பிராயம் இருந்தது. தட்டில் ஐம்பது ரூபாய் கூடுதலாகப் போட்டதும் அதை அவர் சொல்லவில்லை. 2018 நவம்பர் 16 விடிகாலை கஜா புயல் மாவட்டத்தைப் புரட்டியது. கிழக்கே ஆலங்குடி, கீரமங்கலம் பக்கம் தென்னந்தோப்புகள் அப்படியே சாய்ந்தன. எங்கள் பக்கம் காற்றும் இருட்டும்தான். எல்லோரும் எழுந்து அவரவர் கூரையைப் பார்த்தார்கள். எதிர்வீட்டுத் தம்பி டார்ச் அடித்துத் தெப்பத்தைப் பார்த்தான். “ஒண்ணுமில்லண்ணே. அதுக்கு இதெல்லாம் பழக்கம்.”

கல்யாணம், காதுகுத்து, ஆஸ்பத்திரி என்று அது ஓடிய ஓட்டத்தில் போட்ட காசு எப்போதோ வந்துவிட்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையை மறுபடி முக்கியது. அதே மாதம் 17, 18-ல் தென் மாவட்டங்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர், எங்கள் மாவட்டம் வருஷம் முழுக்க வானத்தைப் பார்த்து வாங்குகிற மழையைவிட அதிகம். தை பிறந்ததும் மதுரைத் தரகர் போன் போட்டார். “அண்ணே, மிக்ஜாம் சரக்கு வந்திருக்கு. நல்ல நல்ல வண்டி. உங்களுக்குத்தான் முதல்ல சொல்றேன்.” வீட்டில் கேட்டேன். “மொட்டை மாடில வேற வேலை இருக்கு” என்று பதில் வந்தது. புதுசு வாங்குகிறோமோ இல்லையோ, பழையதைக் கொடுத்துவிடலாம் என்று முடிவாயிற்று.

சிங்கம்புணரியிலிருந்து ஒருவர் பார்க்க வந்தார். விலை பேசி முடிந்தது. ஒப்பந்தம் எழுத உட்கார்ந்தேன். தொழில்புத்தி என்னை விடவில்லை. ‘இதில் கண்ட வாகனமானது 2.12.2015-ஆம் தேதியில் சென்னை ஜாபர்கான்பேட்டையில் அடையாற்று வெள்ளத்தில் ஸ்டியரிங் மட்டத்துக்கு மூழ்கி, இன்சூரன்ஸ் கம்பெனியாரால் முழுச் சேதம் எனத் தீர்மானிக்கப்பட்டு, பின்னர் என்னால் கிரயம் பெற்று, பழுது நீக்கி, நாளது தேதி வரை என் அனுபோகத்தில் இருந்து வருவதை இதன் மூலம் தங்களுக்குத் தெரியப்படுத்தி’ என்று ஆரம்பித்து அரைப் பக்கத்துக்குப் போட்டேன்.

“என்னங்க, கவர்மெண்டே கேக்காதத நீங்க ஏன் எழுதுறீங்க? அவுக போட்டுட்டு ஓடிரப் போறாக” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

வந்தவர் தாளை வாங்கி, விரல் வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். வெள்ளத்தைத் தாண்டினார். முழுச் சேதத்தைத் தாண்டினார். முகம் மாறவில்லை. கடைசி வரி வரை படித்துவிட்டு நிமிர்ந்தார்.

“இது தெரிஞ்ச கததானேண்ணே. பஸ் ஸ்டாண்டுல இறங்கி, தெப்பம் வச்சிருக்கவுக வீடு எதுன்னு கேட்டுத்தானே வந்தேன். இதுல ஒண்ணு விட்டுப்போச்சே?”

“என்னது?”

“ஏ.சி. போட்டா ஒரு கண்ணாடி இறங்குமாமே. அது எந்தப் பக்கம்னு எழுதலையே.”

“இடது பக்கம், பின்னால” என்றேன். ஐயாயிரம் குறைத்துக்கொண்டார்.